நூற்றுப்பத்துக்கு எழுபது

எங்கள் ஆரம்ப சுகாதார நிலையம் தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊர்ப் பெயரைச் சொன்னால் நாளைக் காலையிலேயே யாராவது வந்து வாசலில் நின்று கத்துவார்கள். நான் அங்கே பதினாறு வருஷமாக லேப் டெக்னீஷியன். பெயர் ஆனந்தவள்ளி. ரத்தம் எடுப்பேன், சிறுநீர் பார்ப்பேன், பார்த்ததைப் பதிவேட்டில் எழுதுவேன். இது என் கதை இல்லை, லோகநாயகியின் கதை. ஆனால் இதில் ஒரு வரி நான் எழுதியது. அதை மறைத்துவிட்டுச் சொன்னால் எனக்குச் சோறு இறங்காது.

லோகநாயகி எங்கள் பகுதியின் கிராம சுகாதார செவிலியர். ஜனங்களுக்கு நர்சம்மா. நாற்பத்தாறு வயது, கீழப்பாவூர்க்காரி. அப்பா கோயில் மடைப்பள்ளியில் பொங்கல் கிண்டியவர். பன்னிரண்டாவது முடித்து, இரண்டு வருஷம் பயிற்சி படித்து, இருபத்து நாலு வயதில் இந்த வேலைக்கு வந்தாள். அன்றிலிருந்து நாலு ஊர், ஒரு ஸ்கூட்டி, ஒரு பை. பையில் பிரஷர் பார்க்கிற கருவி, அளவு நாடா, சத்து மாத்திரை, ஒரு டப்பா வறுத்த கடலை. மத்தியானம் சாப்பிட நேரம் கிடைக்காத நாளில் அந்தக் கடலைதான்.

வேலையில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. கொஞ்சம் பொறாமையோடுதான் சொல்கிறேன். வயிற்றில் கையை வைத்துவிட்டு, "ஏட்டி, அட்டையில இருபத்து நாலு வாரம்னு எழுதிருக்கு, உள்ள இருக்கது இருபத்திரண்டுன்னுல்லா சொல்லுது" என்பாள். தென்காசியில் போய் ஸ்கேன் எடுத்து வந்தால் இருபத்திரண்டுதான் இருக்கும். எந்த மாதத்தில் கர்ப்பப்பை தொப்புளுக்கு எத்தனை விரல் மேலே, பிள்ளையின் தலை எந்தப் பக்கம், முதுகு எந்தப் பக்கம், எல்லாம் அவள் உள்ளங்கைக்குத் தெரியும். பிறந்த பிள்ளைகளின் எடையை மறக்கவே மாட்டாள். புதுக் காக்கிச் சட்டையில் மீசையை முறுக்கிக்கொண்டு நிற்கிற கான்ஸ்டபிளைப் பார்த்து, "ஏலே ரெண்டு கிலோ எண்ணூறு, வழிய விடுலே" என்று ஸ்கூட்டியில் இருந்தபடியே சத்தம் போடுவாள். அவன் அசடு வழிந்துகொண்டு ஒதுங்குவான்.

அதற்காக நல்லவள் என்று நான் சொல்லமாட்டேன். அவள் வாய்க்கு உறை கிடையாது. பிரசவ வலியில் கத்துகிற பெண்ணின் தொடையில் பட்டென்று ஒன்று வைப்பாள். "கத்தாதட்டி. ஒனக்குக் கெடச்சிருக்கு. கெடைக்காதவ நின்னு பாத்துக்கிட்டு இருக்கேன்லா" என்று ஒருமுறை அவள் சொன்னது என் காதில் விழுந்தது. அந்தப் பெண் வலியிலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஆமாம், அவளுக்குப் பிள்ளை இல்லை. புருஷன் சண்முகநாதன் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர். சாது. அவர் அம்மா பத்து வருஷம் "இன்னொருத்தியக் கட்டுலே" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவர் கட்டவும் இல்லை, "வாயை மூடும்மா" என்று சொல்லவும் இல்லை. திருநெல்வேலி, மதுரை, செங்கோட்டை வழியாக ரயிலேறி திருவனந்தபுரம் என்று எல்லா ஊர் ஆஸ்பத்திரியும் பார்த்தாகிவிட்டது. முப்பத்தெட்டு வயதில், ஊசி போட்டுப் போட்டு இடுப்பு மரத்துப்போய், "போதும் வள்ளி" என்று என்னிடம் சொன்னாள். மறுநாள் செவ்வாய்க்கிழமை, கர்ப்பிணிகள் வருகிற நாள். முப்பத்திரண்டு வயிறு பார்த்தாள்.

பிள்ளை பெறாதவளின் கை கர்ப்பிணி வயிற்றில் படக்கூடாது என்று எங்கள் பக்கம் ஒரு பேச்சு உண்டு. சர்க்கார் நர்ஸ் என்பதால் முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. அவள் பார்த்துவிட்டுப் படி இறங்கியதும் உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போடுவார்கள். சில வீடுகளில் அவள் தெருமுனை தாண்டும்வரைகூடப் பொறுக்கமாட்டார்கள். ஒருநாள் ஸ்கூட்டியை உதைத்துக்கொண்டிருக்கும்போதே உள்ளேயிருந்து மிளகாய் நெடி வந்து, தும்மிக்கொண்டே கிளம்பினாளாம். நெடி வந்தால் கண்ணேறு இல்லை என்று அர்த்தம். "அவுகளே எனக்கு சர்ட்டிபிகேட் குடுத்துட்டாக பாத்தியா" என்று என்னிடம் வந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வீட்டுக்காரிக்கு ரத்தம் எடுக்கும்போது வேண்டுமென்றே இரண்டு தடவை குத்தினேன்.

ஸ்ரீமதி எங்களிடம் முதன்முதலாக வந்தது சித்திரை மாதம். சிவகிரிப் பக்கத்துப் பெண், இருபத்து மூன்று வயது, கணக்கில் பி.எஸ்சி. சொரிமுத்து வீட்டுக்கு மருமகளாக வந்தவள். சொரிமுத்து ஓய்வு பெற்ற சப்-இன்ஸ்பெக்டர். மகன் தேவா ராணுவத்தில், ஜம்முவில். வீடு நடப்பது சொரிமுத்துவின் மனைவி வடிவம்மாள் சொல்படி. ஒரு காலத்தில் ஊரையே அதட்டிய சொரிமுத்து, வடிவம்மாள் பேச ஆரம்பித்தால் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வார்.

ஸ்ரீமதிக்கு எண்கள் என்றால் அத்தனை இஷ்டம். ரத்தத்தில் ஹீமோகுளோபின் பத்து புள்ளி இரண்டு என்றால், எத்தனை இருக்க வேண்டும், எத்தனை நாளில் ஏறும் என்று என்னைப் பிய்த்துவிடுவாள். முதல் தடவை பிரஷர் பார்த்தபோது நூற்றுப்பத்துக்கு எழுபது. மேலே உள்ளது எதற்கு, கீழே உள்ளது எதற்கு என்று கேட்டாள். வெளியே இருபது பேர் காத்திருக்க, லோகநாயகி காகிதத்தில் இதயம் வரைந்து விளக்கிக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி கேட்டிருந்தால் "ஒன் வேலையப் பாரு" என்றிருப்பாள். ஸ்ரீமதி போனபிறகு, "எனக்கு ஒரு மக இருந்தா இப்படித்தான் நச்சரிச்சிருப்பா என்ன?" என்றாள். 

ஐந்தாம் மாதம், பெண் வீட்டார் பலகாரம் கொண்டுவந்து பூச்சூட்டுகிற நாளில், எங்கள் இருவருக்கும் அழைப்பு வந்தது. இப்படிப்பட்ட விசேஷங்களில் லோகநாயகி கடைசி வரிசையில் உட்கார்ந்து, சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுவாள். அவளுக்கு அவள் இடம் தெரியும். அன்றைக்கும் அப்படித்தான் இருந்தாள். பூவும் வளையலுமாக நாற்காலியில் இருந்த ஸ்ரீமதி, அத்தனை பேர் நடுவில், "சிஸ்டர், நீங்க ஏன் அங்கன உக்காந்திருக்கிய? வந்து சந்தனம் பூசுங்க" என்று கூப்பிட்டாள். தெரியாமல் கூப்பிடவில்லை. சிவகிரியிலும் இதே கூத்துதானே. தெரிந்தேதான் கூப்பிட்டாள்.

நான் லோகநாயகியின் சேலையைப் பிடித்து இழுத்தேன். கேட்காமல் போனாள். இரண்டு விரலால் சந்தனத்தைத் தொட்டு அந்தப் பெண்ணின் இரண்டு கன்னத்திலும் பூசினாள்.  பூசி முடிப்பதற்குள் வடிவம்மாள் ஒரு ஈரத்துண்டோடு வந்து, மருமகளின் தாடையைப் பிடித்துக்கொண்டு, பாத்திரம் விளக்குகிற மாதிரி இரண்டு கன்னத்தையும் அழுத்தித் துடைத்தாள்.

"நர்சம்மா, ஒனக்கு எலை போட்டாச்சு. சாப்ட்டுட்டுக் கெளம்பு."

அந்தக் கூடத்தில் இருந்த பெண்களில் பாதிப் பேரின் பிள்ளையைக் கையேந்தி வாங்கியவள் இவள். ஒருத்திகூட வாய் திறக்கவில்லை. நானும்தான். லோகநாயகி பந்தியில் உட்கார்ந்து முழுச் சாப்பாடும் சாப்பிட்டாள். பாயசம் இரண்டாம் தடவை கேட்டு வாங்கினாள். தெருவுக்கு வந்ததும், "பாயசத்துல இனிப்பு பத்தல" என்று மட்டும் சொன்னாள்.

அடுத்து ஆறாம் மாதப் பரிசோதனை. இது விடக்கூடாத பரிசோதனை. குளுக்கோஸ் கரைத்த தண்ணீரைக் குடிக்கவைத்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்ப்பேன். சிறுநீரைச் சூடாக்கி, அல்புமின் என்கிற புரதம் கலந்து வருகிறதா என்று பார்ப்பேன். லோகநாயகி பிரஷரும் வயிறும் பார்ப்பாள். அல்புமினும் பிரஷரும் சேர்ந்து ஏறினால் தாய்க்கு ஜன்னி வரும். இரண்டு உயிருமே போகலாம். முன்கூட்டியே கண்டுபிடித்தால் மாத்திரையிலேயே அடக்கிவிடலாம். கண்டுபிடிக்கச் செலவு ஒரு சொட்டு மூத்திரமும் இரண்டு நிமிஷமும்.

செவ்வாய்க்கிழமை ஸ்ரீமதி வரவில்லை. செவ்வாய்க்கிழமை பிள்ளைத்தாச்சியை வாசல்படி தாண்டவிடமாட்டோம் என்று வடிவம்மாள் சொல்லியனுப்பினாள். அதற்கு முந்தைய மாதங்களில் வந்ததும் செவ்வாய்க்கிழமைகள்தான். காரணம் கிழமை இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். ஸ்ரீமதி ஜம்முவுக்கு போன் போட்டாளாம். "அம்மா சொல்லுததக் கேளு" என்று தேவா வைத்துவிட்டான்.

மறுநாள் தடுப்பூசி வேலை முடிந்து, சாரலில் நனைந்துகொண்டே லோகநாயகி அவர்கள் வீட்டுக்குப் போனாள். கேட்டைத் தாண்டி, கார் நிற்கிற இடம்வரைதான் போக முடிந்தது. வடிவம்மாள் உள்வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"அக்கா, ஆறாம் மாசச் செக்கப். பத்து நிமிசம். பாத்துட்டுப் போயிருதேன்."

"அவ நல்லாத்தான் இருக்கா. அங்கனயே நின்னு அட்டையில எழுதிட்டுப் போ."

"பாக்காம எப்படிக்கா எழுதுதது?"

"நீங்க எல்லாரும் பாத்துத்தான் எழுதுதியளாக்கும்? தென்காசியில ஸ்கேன் எடுத்தாச்சு. புள்ள நல்லாருக்குன்னு டாக்டரே சொல்லியாச்சு. இதுல ஒன் கை வேற எதுக்கு?"

பேச்சுச் சத்தம் கேட்டு ஸ்ரீமதி பக்கத்து ஜன்னலில் வந்து நின்றாள். கையில் தன் கர்ப்பிணி அட்டையோடு வந்திருந்தாள். முகம் உப்பியிருந்தது.

"சிஸ்டர், மூணு நாளா தலை வலிக்கு. மெட்டி கழலமாட்டேங்கு, பாருங்க."

"புள்ளைத்தாச்சிக்குக் கால் வீங்கத்தான் செய்யும்" என்றாள் வடிவம்மாள், அரிவாள்மணையிலிருந்து கண்ணை எடுக்காமல். "மூணு பெத்தவ நான். இது பெறாதவ சொல்லித்தான் எனக்குத் தெரியணுமோ?"

தலைவலி, உப்பின முகம், கழலாத மெட்டி. பயிற்சியின் முதல் மாதத்திலேயே சொல்லிக்கொடுக்கிற பாடம் இது. லோகநாயகி வடிவம்மாளைத் தாண்டிக்கொண்டு உள்ளே போயிருக்கலாம். சொரிமுத்துவைக் கூப்பிட்டிருக்கலாம். எங்கள் டாக்டருக்கு ஒரு போன் போட்டிருந்தால் அவரே வண்டி எடுத்துக்கொண்டு வந்திருப்பார். அவள் ஜன்னலுக்குள் கையை நீட்டி அட்டையை வாங்கினாள். கார் பானெட் மேல் வைத்து மளமளவென்று எழுதினாள். பிரஷர் நூற்றுப்பத்துக்கு எழுபது. எடை ஐம்பத்தெட்டு. பிள்ளையின் இதயத் துடிப்பு நூற்று நாற்பது. அல்புமின் இல்லை. எழுதி, கம்பி வழியாக நீட்டினாள்.

"சிஸ்டர், நீங்க பாக்கவே இல்லியே."

"ஒங்க அத்தை பாத்துக்கிடுவாக" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டியை எடுத்தாள்.

நூற்றுப்பத்துக்கு எழுபது எங்கள் எல்லோருக்கும் பழக்கமான எண். கருவியின் காற்றுப்பை கிழிந்த நாளில், மாலைக்குள் அறிக்கை வேண்டும் என்று மேலேயிருந்து நெருக்குகிற நாளில், யாருக்கும் சந்தேகம் வராமல் எழுதுகிற எண் அது. நாற்காலி பிரஷர் என்று எங்களுக்குள் பெயர். நாற்காலியை விட்டு எழாமலே பார்த்துவிடலாம். லோகநாயகி அதுவரை அப்படி எழுதியவள் இல்லை. எழுதுகிற சின்னப் பெண்களைக் கிழித்துத் தொங்கவிடுவாள். அதனால்தான் அன்று சாப்பாட்டு நேரத்தில் இதையெல்லாம் சொல்லி அவள் சிரித்தபோது நான் சாப்பிடுவதை நிறுத்தினேன்.

"மொகம் வீங்கிருந்துச்சுன்னு சொல்லுதியே" என்றேன்.

"வீங்கட்டும். கன்னத்தத் தொடைக்கத் தெரிஞ்சவளுக்கு மருமகளையும் பாத்துக்கிடத் தெரியும்லா."

"டாக்டர்ட்ட ஒரு வார்த்தை சொல்லுட்டி."

"அடுத்த செவ்வா சொல்லுதேன்."

அட்டையில் அல்புமின் இல்லை என்று எழுதிவிட்டாள். என் பதிவேட்டில் அந்தப் பெயர் இல்லையென்றால் கணக்கு இடிக்கும். "நீயும் ஒரு வரி போட்டுரு" என்றாள். சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு வந்து, அன்றைய தேதிக்கடியில் ஒரு வரி இடம் இருந்தது, போட்டேன். ஸ்ரீமதி, கணவர் பெயர் தேவா, அல்புமின் இல்லை, சர்க்கரை நூற்று நாலு. நூற்று நாலு என்பதை நானாகவே யோசித்துப் போட்டேன். நம்பும்படி இருக்கும் என்று பட்டது.

அடுத்த செவ்வாயும் அவள் டாக்டரிடம் சொல்லவில்லை. அதற்கடுத்த வெள்ளிக்கிழமை ஸ்ரீமதியிடமிருந்து மூன்று மிஸ்டு கால். மாத்திரை எண்ணிக்கொண்டிருந்த லோகநாயகி போனைத் திருப்பிக் கவிழ்த்து வைத்தாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை, ஆடி மாதம், சீசன் உச்சம். குற்றாலம் ரோட்டில் ஊசி விழ இடமில்லை. காலை பதினொன்றரை மணிக்கு ஸ்ரீமதி, கண்ணுக்குள் மின்னல் அடிக்கிறது என்று சொல்லிக்கொண்டே சமையலறையில் விழுந்தாள். கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. வடிவம்மாள் பீரோச் சாவிக்கொத்தை எடுத்து அவள் கைக்குள் திணித்து, நெற்றியில் திருநீறு பூசினாள். இழுப்பு நின்றது. பத்து நிமிஷத்தில் மறுபடி வந்தது. முப்பத்தைந்து வருஷ தாம்பத்தியத்தில் முதல் தடவையாக சொரிமுத்து பெண்டாட்டியைக் கேட்காமல் ஒரு காரியம் செய்தார். நூற்றியெட்டுக்கும், பிறகு லோகநாயகிக்கும் போன் போட்டார்.

அவள் ஓடிப்போய் நின்றபோது அவளை யாரும் கேட்டில் நிறுத்தவில்லை. வடிவம்மாளே அவள் கையைப் பிடித்து இழுத்து மருமகளின் வயிற்றில் வைத்தாள். "தாயி, புள்ள அசையுதான்னு பாரு தாயி." வயிறு பலகையாக இறுகிக் கிடந்தது. உள்ளே ஒன்றும் இல்லை என்று உள்ளங்கைக்குத் தெரிந்துவிட்டது. "அசையுதுக்கா" என்றாள் லோகநாயகி.

ஆம்புலன்ஸ் சுற்றுலா வேன்களுக்குள் மாட்டிக்கொண்டது. சொரிமுத்துவின் காரிலேயே எங்களிடம் கொண்டுவந்தார்கள். எனக்கு நிலையத்துக்குப் பின்னால்தான் வீடு. கூப்பிட்டுவிட்டார்கள். பிரஷர் நூற்றுத் தொண்ணூறுக்கு நூற்றிருபது. டாக்டர் ஜன்னிக்கு ஊசி போட்டுக்கொண்டிருக்கும்போது, குழாய் வைத்து எடுத்த சிறுநீரை நான் சோதனைக் குழாயில் விட்டு விளக்கில் காட்டினேன். தயிர் மாதிரி உறைந்தது. என் சர்வீஸில் அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. லோகநாயகி வந்து என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தாள்.  நான் குழாயைக் கவிழ்த்துக் கழுவினேன்.

தென்காசிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், அங்கேயிருந்து திருநெல்வேலிக்கு அனுப்பினார்கள். பிள்ளை செத்தே பிறந்தது. ஆண். ஐந்நூற்று எண்பது கிராம். ஸ்ரீமதி நாலு நாள் நினைவில்லாமல் கிடந்து பிழைத்தாள். இடது கண்ணில் பார்வை மங்கிவிட்டது.

தேவா விமானம் பிடித்து வந்தான். வந்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி, "அம்மா, ஆறாம் மாசம் நர்சம்மாவ உள்ள விட்டியளா?" ஆஸ்பத்திரி வராந்தாவில், மகன் முகத்தைப் பார்த்து, வடிவம்மாள் சொன்னாள்: "விடாம? அவதான் வந்து வயித்த அமுக்கி அமுக்கிப் பாத்துட்டுப் போனா. அவ கை பட்டதுலருந்துதான் ஸ்ரீமதிக்குத் தலைவலியே வந்துது."

பதினைந்து நாளில் விசாரணை வந்தது. வெளியூரிலிருந்து வந்த மருத்துவ அலுவலர் ஒருவர் எங்கள் டாக்டரின் அறையில் உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். வடிவம்மாள் மகனிடம் சொன்னதையே சொன்னாள். மகன் பக்கத்தில் நிற்கிறான், மாற்றிச் சொல்ல முடியுமா? சொரிமுத்துவை யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அடுத்து லோகநாயகி. பார்க்காமல் எழுதினேன் என்றால் சஸ்பென்ஷன், இருபத்திரண்டு வருஷ வேலைக்கு முடிவு. உள்ளே விடவில்லை என்றால், அப்புறம் எப்படி எழுதினாய் என்பார்கள். வடிவம்மாள் சொன்ன பொய்யில் லோகநாயகிக்கும் ஒதுங்க இடம் இருந்தது.

"வீட்டுக்குப் போய்ப் பாத்தேன் சார். அன்னைக்கு நார்மலாத்தான் இருந்துச்சு."

பதிவேட்டை எடுத்து வரச் சொன்னார்கள். எடுத்துப்போனேன். அலுவலர் என் வரியின்மேல் விரல் வைத்து ஒரு தடவை படித்தார். பரிசோதனைகள் முறையாக நடந்துள்ளன, ரத்த அழுத்தம் திடீரென்று கூடியது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எல்லாம் ஒன்றோடு ஒன்று அழகாகப் பொருந்தியிருந்தது.

ஆபீசுக்கு அதோடு முடிந்தது. ஊருக்கு முடியவில்லை. ஸ்ரீமதியின் வயிற்றைத் தொட்டேன் என்று லோகநாயகியே எழுதிக்கொடுத்துவிட்டாள், அப்புறம் என்ன? அவள் ஸ்கூட்டிச் சத்தம் கேட்டால் கதவைச் சாத்தினார்கள். இரண்டாம் பிரசவத்தையும் அவளிடமே பார்த்துக்கொண்ட பெண்கள், எதிரே வந்தால் முந்தானையால் வயிற்றை மூடிக்கொண்டு எதிர்ப்பக்கம் போனார்கள். அவளை மாற்றச் சொல்லி கலெக்டருக்கு மனு போனது. கையெழுத்துப் போட்டவர்களில் அந்தக் கான்ஸ்டபிளின் அம்மாவும் ஒருத்தி. லோகநாயகி யாரிடமும் எதிர்த்துப் பேசவில்லை. அந்த வாய் எங்கே போனது என்று எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது. பேச அவளுக்கு ஒரே ஒரு உண்மைதான் இருந்தது, அதைப் பேசினால் வேலை போய்விடும்.

புரட்டாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை ஸ்ரீமதி தனியாக வந்தாள். கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். மெலிந்துபோயிருந்தாள். எழுத்தைப் பார்க்க அட்டையை வலது கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"அக்கா, திருநெல்வேலி டாக்டரம்மா சொன்னாக. இது ஒரு நாள்ல ஏறுத பிரஷர் இல்லையாம். பத்து நாளைக்கு முன்னால பாத்திருந்தா யூரின்லயே தெரிஞ்சிருக்குமாம். இதுல அல்புமின் இல்லைன்னு போட்டிருக்கே, நான் யூரின் குடுக்கவே இல்லியே?"

எனக்கு ஒரு நிமிஷம் கிடைத்தது. அந்த ஒரு நிமிஷத்தில் நான் என்ன யோசித்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. பதிவேட்டைத் திறந்து, பக்கத்தைப் புரட்டி, அவள் பக்கம் திருப்பிக் காட்டினேன்.

"குடுத்திருக்கேம்மா. இங்கன பாரு, தேதி, ஒன் பேரு, சுகர் நூத்தி நாலு."

"நான் அன்னைக்கு வீட்ட விட்டே வரலியே அக்கா."

"ஜன்னி வந்தவங்களுக்கு முன்னால நடந்தது கொஞ்சம் மறந்துபோகும்மா. பயப்படாத, போகப் போகச் சரியாயிரும்."

அவள் அந்த நூற்று நாலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கணக்குப் படித்த பெண். எண்ணைச் சந்தேகப்படுவதா, தன்னைச் சந்தேகப்படுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. நான் பார்க்கப் பார்க்க அவள் தன்னைச் சந்தேகப்பட ஆரம்பித்தாள். அதைச் செய்தவள் நான்.

பிறகு உள்ளே திரும்பி, மாத்திரைப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்த லோகநாயகியிடம் போனாள்.

"சிஸ்டர், நீங்களாவது சொல்லுங்க. அந்தப் புதன்கிழமை நீங்க ஜன்னலுக்கு அங்கிட்டு நின்னிய, நான் இங்கிட்டு நின்னேன். என்னைத் தொட்டியளா?"

லோகநாயகி பெட்டியைக் கீழே வைத்தாள். என்னைப் பார்த்தாள். நான் பதிவேட்டை மூடினேன்.

"தொட்டேம்மா" என்றாள். "வயித்தப் பாத்தேன், பிரஷர் பாத்தேன். எல்லாம் பாத்தேன்."

 ஸ்ரீமதி அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை.

"அப்பம் எங்க அத்தை சொல்லுதது சரிதான், சிஸ்டர். ஒங்க கை என் மேல படவே இல்லைன்னு நான்தான் இத்தன நாளா வீட்லயும் தெருவுலயும் எல்லார்ட்டயும் சண்டை போட்டுக்கிட்டு இருந்தேன்."

அட்டையை லோகநாயகியின் மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போனாள்.